உம் கொட்டியவள்

அந்தியில் மஃரிபு தொழுதுவிட்டு விளக்கேற்ற வந்த ரபீகாவின் கண்ணில் முதலில் பட்டது அந்த ஈயத்தாள்தான். தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் ஈயத்தாளை நாடாவாகக் கிழித்து, வாசித்து நிறுத்திய பக்கத்தில் அடையாளம் வைப்பது அவளுடைய அக்கா, உம்மு குல்சும் ராத்தாவின் பழக்கம். ராத்தா மவுத்தாகி, அடக்கம் முடிந்து, நாற்பதாம் நாள் கத்தமும் ஓதியாகிவிட்டது. அவள் பாதியில் விட்ட நாவலை அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை. ஆனாலும் நடுவில் இருந்த ஈயத்தாள் ஓர் அரிசிக் கனத்துக்கு முடிவை நோக்கி நகர்ந்திருந்தது.

ரபீகாவுக்கு எழுத்துத் தெரியாது. அடுப்பில் சோறு தீய்வதுகூடத் தெரியாமல் மூத்தவள் நாவலில் விழுந்து கிடந்ததைப் பார்த்த வாப்பா, "ஊட்டுக்கு ஒரு புத்தகப் பைத்தியம் போதும்" என்று இளையவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமலே விட்டுவிட்டார். வாப்பாவின் கணக்குப் பிசகிப்போயிற்று. மூத்தவள் கண்ணால் வாசித்தாள், இளையவள் காதால் வாசித்தாள், அவ்வளவுதான் வித்தியாசம். சென்னையிலிருந்து தபாலில் வரும் ஒவ்வொரு நாவலையும் அந்தி நேரத்தில் பிரம்புக் கதிரையில் அமர்ந்து ராத்தா உரக்க வாசிப்பாள். ரபீகா கீழே பாயில் இருந்து வெங்காயம் உரித்தபடி வசனத்துக்கு வசனம் உம் கொட்டுவாள். உம் நின்றால் கதையும் நின்றுவிடும்.

"உம் கொட்டு புள்ள. இல்லாட்டி நான் செவுத்துக்கா வாசிச்சிக் காட்டுற?" என்பாள் ராத்தா.

மகாவலி ஆறு வற்றி, குட்டை குட்டையாகப் பாசி பிடித்து நின்ற அந்த வருஷத்தில் குண்டசாலையில் மலேரியா நுழையாத வீடில்லை. ராத்தா கொயினா மருந்தின் கசப்போடு போய்ச் சேர்ந்தாள். நாவல் பாதியில் நின்றது. அவள் மகள் கைரியா இன்னும் தவழவும் தொடங்கியிருக்கவில்லை. பிள்ளையை வேறு யார் பார்ப்பார்கள் என்று பெரியவர்கள் பேசி, கத்தம் முடிந்த கையோடு ராத்தாவின் புருஷன் தாஸிமுக்கே ரபீகாவை நிக்காஹ் செய்துவைத்தார்கள். சம்மதமா என்று கேட்டபோது திரைக்குப் பின்னாலிருந்து அவள் சொன்னதும் ஓர் "உம்"தான். ராத்தாவின் வீடும் புருஷனும் பிள்ளையும் அவள் கைக்கு வந்தன, கதை மட்டும் வரவில்லை. தாஸிமுக்குக் கடைக் கணக்குக்கு மேல் எழுத்து ஏறாது. அடுத்த வீட்டு டொரதியோ கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டி, யார் செத்தார்கள் என்று சொல்லிவிட்டுத்தான் உட்காருவாள். அவளிடம் கதை கேட்பதைவிடப் பட்டினி கிடக்கலாம்.

ஈயத்தாளை நகர்த்தியது எலியாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ரபீகா குசினிக்குப் போனாள். ஓட்டில் தூறல் விழுந்துகொண்டிருந்தது. சுளகில் அரிசி புடைக்கும் சத்தத்துக்கும், முன்னறையில் சேலைத் தொட்டிலின் கயிறு உத்தரத்தில் உரசும் சத்தத்துக்கும் அடியில், விரலை நாக்கில் தொட்டுத் தாள் புரட்டும் மெல்லிய ஓசையும், அதைத் தொடர்ந்து கொஞ்சம் கரகரத்த, எந்த இடத்தில் மூச்செடுக்கும் என்று அவளுக்கு மனப்பாடமான குரலும் வந்தன. "பங்களாவின் மேல்மாடியில் அடைபட்டிருந்த அந்தப் பெண், தன் குழந்தையின் அழுகுரலைக் கேட்டு ஜன்னலண்டை ஓடினாள்."

"உம்," என்றாள் ரபீகா, சுளகைத் தட்டியபடியே.

சொன்ன பிறகுதான் கை நின்றது. முன்னறைக்கு ஓடிப் பார்த்தாள். கதிரை வெறுமையாக இருந்தது. பிள்ளை தொட்டிலில் விழித்துக் கிடந்தது. அறையில் கற்பூரம் மணத்தது. ராத்தாவைக் குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றிய நாளில் மணந்த அதே கற்பூரம்.

பயந்தாள்தான். ஆனால் பயத்தைவிட ஏக்கம் பெரிதாக இருந்தது. மறுநாள் அந்தியில் கதிரைக்கு முதுகைக் காட்டி, பாயில் வெங்காயத்தோடு உட்கார்ந்து காத்திருந்தாள். குரல் வந்தது. அவள் உம் கொட்டினாள், கண்ணீர் கன்னத்தில் வழிய வழியக் கொட்டினாள். ராத்தா போன நாளிலிருந்து அவள் மனசாரச் சிரித்தது அந்த அந்திகளில்தான். கடையிலிருந்து தாஸிம் வருவதற்குள் எல்லாம் அடங்கிவிடும்.

பிள்ளைதான் மாறிக்கொண்டு வந்தது. அழுகையை மறந்தது. ஆட்டுப்பாலைக் கடைவாயில் ஒழுகவிட்டது. தூக்கினால் உள்ளே ஒன்றுமில்லாத துணிமூட்டையாகக் கனமற்றிருந்தது. கண்கள் எந்நேரமும் பிரம்புக் கதிரையின் மேலேயே இருந்தன.

"புள்ள என்ன இப்பிடி எளச்சி ஈக்கி? பால் குடிக்கிறல்லயா?" என்று தாஸிம் கேட்டான்.

"குடிக்கிற மச்சான். பல்லு வாற போல."

உண்மையைச் சொன்னால் பள்ளிவாசல் லெப்பையைக் கூட்டிவந்து ஓதிப் பார்ப்பார்கள், புத்தகத்தை எரிப்பார்கள், பிறகு அந்தக் குரல் இந்த ஜென்மத்துக்கும் கிடைக்காது. பிள்ளையா கதையா என்று அவள் நினைத்துப் பார்க்கவில்லை. இன்னும் ஓர் அந்தி, இன்னும் ஓர் அத்தியாயம் என்றுதான் நினைத்தாள். கதைக்குப் பழகியவர்கள் எல்லாரும் நினைப்பது அதைத்தான்.

ஓர் அந்தியில் குரல் வழக்கத்தைவிடக் கிட்டத்தில் கேட்டது. கதையில் மேல்மாடிப் பெண் செத்துப்போய், ஆவியாகத் தன் தங்கையிடம் வந்திருந்தாள். அப்படி ஒரு திருப்பத்தை ரபீகா எதிர்பார்க்கவில்லை. வெங்காயத்தை மடியில் போட்டுவிட்டு வாய் பிளந்து கேட்டாள்.

"'தாயை விட்டு அது எப்படியடி தரிக்கும்? குழந்தையை நான் அழைத்துப் போகிறேன், சம்மதந்தானே?' என்று அவள் கேட்டாள்."

"உம்."

குரல் நின்றது. உம் கொட்டாமல் கதை நின்றதுண்டு. கொட்டிய பிறகு நின்றதில்லை. தான் எதற்கு உம் கொட்டினோம் என்பது அந்த மௌனத்தில் அவளுக்கு உறைத்தது. எழுந்து பிள்ளையின் காலைத் தொட்டாள். ஜில்லிட்டிருந்தது.

விடியும்வரை பிள்ளையை நெஞ்சோடு அணைத்துச் சூடு காட்டினாள். பகலில் புத்தகத்தை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். லெப்பையைக் கூட்டிவரச் சொல்லித் தாஸிமிடம் அழுதாள். "பின்னேரம் கூட்டிட்டு வாரன்," என்று அவன் கடைக்குப் போனான். பின்னேரம் பெருமழை பிடித்துக்கொண்டது. தாஸிம் வரவேண்டிய பஸ் வரவில்லை.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டொரதி வீட்டுக்கு ஓடப் பார்த்தாள். தூக்கியதும் அது நீலம் பாரிக்க வீறிட்டது, மூச்சை அடக்கியது. தொட்டிலில் விட்டதும் அடங்கியது. மறுபடி தூக்கினாள். மறுபடி மூச்சு நின்றது. இருட்டிக்கொண்டு வந்தது.

கற்பூர மணம்.

முக்காட்டைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டாள். இன்றைக்கு உம் இல்லை. உம் இல்லாவிட்டால் கதை இல்லை. கதை இல்லாவிட்டால் யாரும் எங்கும் போக முடியாது. தொட்டில் சேலையை இரு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

பூட்டிய அலுமாரிக்குள் தாள் புரண்டது. பிரம்புக் கதிரை கிரீச்சிட்டது.

"'சம்மதந்தானே?' என்று அவள் மறுபடியும் கேட்டாள்."

மழை. கயிற்றின் உரசல். ரபீகா பல்லைக் கடித்தாள்.

"உம் கொட்டு புள்ள."

அது புத்தகத்தில் இருந்த வசனம் அல்ல. எத்தனையோ வருஷம் கேட்ட அதே செல்லக் கோபம். வேணாம் ராத்தா, என்ன வேணுமெண்டாலும் எடுங்க, இது வேணாம் என்று கத்த நினைத்தாள். துணிக்குப் பின்னால் நாக்கு அசையவில்லை.

குரல் பொறுமையாகக் காத்திருந்தது. நெடுநேரம். கதை நின்றுவிட்டது என்றே அவள் நினைத்தாள்.

"உம்," என்றது தொட்டில்.

ஒரு சொல்லும் பேசத் தெரியாத பிள்ளை. தெளிவாக. ஆசையாக.

தாள் புரண்டது.

"உம்."

சேலை அவள் கைகளிலிருந்து நழுவியது. தொட்டில் கதிரைப் பக்கமாக ஆடிச் சென்றது. சாய்ந்தபடியே அங்கே நின்றது. திரும்பி வரவில்லை.