ஹெட்டி பிண்டரின் பட்டி

அன்று மதியம் நாங்கள் ஒவ்வொருவராக எழுந்து, எங்கள் குடும்பப் பெயர் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். கேட்பதற்குப் பெற்றோர்களும் வருவார்கள்.

ரூஃபஸ் ஆர்ச்சருக்குக் கவலையே இல்லை. ஆர்ச்சர் என்றால் வில்வீரன். காலையிலிருந்து இல்லாத வில்லை இழுத்துக்கொண்டே திரிந்தான்.

"ஹெட்டி, பிண்டர்னா என்ன?" என்று என்னைக் கேட்டான்.

"அந்தக் காலத்துல, வழி தப்பி வயல்ல மேயற ஆடுமாடுகளைப் பிடிச்சு ஊர்ப் பட்டியில அடைக்கிறவர்."

"ஓ, ஆட்டு ஜெயிலர்!"

வகுப்பே சிரித்தது. நான் மெல்ல டீச்சரிடம் போனேன்.

"டீச்சர், நான் அம்மா வீட்டுப் பேரைச் சொல்லட்டுமா? அவங்க நைட் குடும்பம். குதிரைவீரர்கள்."

"உன் இஷ்டம், ஹெட்டி. எழுந்து நிக்கும்போது முடிவு பண்ணு."

சாப்பாட்டு இடைவேளையில் பள்ளித் தோட்டத்துக்குள் ஆடுகள் புகுந்தன. முட்டைக்கோஸ் பறந்தது.

"ஐயோ, எங்க வீட்டு ஆடுங்க!" ரூஃபஸ் கத்திக்கொண்டே துரத்தினான். ஆடுகள் சிதறின. இரண்டு, லாரி போகும் சாலைப் பக்கம் ஓடின.

"துரத்தாதே! நில்லு!" என்றேன்.

பள்ளிக் கோழிகளுக்குத் தானியம் போடும் வாளியை எடுத்துக் குலுக்கினேன். பலிக்குமா என்று எனக்கே நிச்சயமில்லை. திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். பின்னால் குளம்புச் சத்தம் கேட்டது. சாலைக்குப் போன இரண்டும் திரும்பி வந்துவிட்டன!

பள்ளிக்குப் பக்கத்தில் பழைய கல் பட்டி இருக்கிறது. நாங்கள் ஒளிந்து விளையாடும் இடம். எல்லா ஆடுகளும் உள்ளே வந்ததும் கதவைச் சாத்தினேன். முள் கீறி முழங்கை எரிந்தது. ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன்.

"ஜெயில்ல தண்ணி எல்லாம் தருவாங்களா?" என்றான் ரூஃபஸ், மூச்சு வாங்க.

"சொந்தக்காரங்க வர்ற வரைக்கும் தீனி போட்டு, தண்ணி வெச்சுப் பார்த்துக்கணும். அதுதான் பிண்டர் வேலை. எங்கப்பா சொன்னார்."

"சரி, திற. ஓட்டிட்டுப் போறேன்."

"தனியாவா? மறுபடியும் சிதறிடும். உங்கப்பா வரட்டும்."

பெற்றோர் கூட்டத்துக்கு அவன் அப்பா வந்தார். பட்டியை எட்டிப் பார்த்தார்.

"யாருடா அடைச்சது?"

"பிண்டர்," என்று முணுமுணுத்தான்.

"அப்ப அவகிட்டதான் கேக்கணும். கேளு."

ரூஃபஸின் காது சிவந்தது. "பிண்டர்... எங்க ஆடுங்களைத் தர்றியா?"

"முதல்ல தண்ணி குடிச்சு முடிக்கட்டும்."

அவன் அப்பா சிரித்துவிட்டார். "கூட்டம் முடியற வரைக்கும் இங்கேயே இருக்கட்டும்மா. இதைவிட நல்ல இடம் ஏது?"

வகுப்பில் என் முறை வந்தது. பாவாடையில் இன்னும் தானியத் தூசி.

"எந்தப் பேர், ஹெட்டி?" என்றார் டீச்சர்.

"நான் ஹெட்டி பிண்டர்," என்றேன், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி.

ஜன்னலுக்கு வெளியே, பட்டியிலிருந்து ஓர் ஆடு "ம்மே" என்றது. வகுப்பே சிரித்தது. எல்லோரையும்விட நான்தான் சத்தமாகச் சிரித்தேன்.