பெடலில் இருந்த கால்

அன்னூர் தாண்டி இரண்டு கிலோமீட்டரில் இருந்தது சென்னகேசவனின் வீடு. மெக்கானிக் கிருபாசங்கர் டூல்ஸ் பையோடு அங்கே போய் இறங்கியபோது மதியம் மூன்று மணி. மழை இருட்டு கட்டியிருந்தது. போர்டிகோவில் நின்ற காரைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே நின்றான்.

அதே வெள்ளைக் கார். சென்னகேசவனின் மனைவி வெங்கடலட்சுமி ஓட்டிப்போய்ச் செத்துப்போன கார்.

"இதை எடைக்குப் போட்டிருப்பீங்கன்னு நெனச்சேனுங்க," என்றான்.

"மனசு வரலை தம்பி. நசுங்குனதையெல்லாம் எடுத்துப்போட்டுப் புதுசா மாட்டியாச்சு. பிரேக்தான் நிக்க மாட்டேங்குது. மூணு பேரு வந்து பார்த்துட்டாங்க. மிதிச்சா பெடல் அப்படியே உள்ள போயிருது." சென்னகேசவன் காரின் கூரையைத் தடவினார். "எம்மக அக்ஷிதா நாளைக்கு இதுலதான் கோத்தகிரி போவேங்கறா. சொன்னாக் கேக்கற புள்ளையா அது? அவங்கம்மா ஒழுங்கா ஓட்டத் தெரியாம லாரியில கொண்டுபோய் உட்டா. இவளும் அப்படிப் பண்ணிப்போட்டா நான் எங்க போவேன் சொல்லு?"

கிருபாசங்கர் பையைத் திறந்து ஸ்பேனரைத் தேடினான். அவரை எந்த முகத்தோடு பார்ப்பான்?

வெங்கடலட்சுமி மேல் ஒரு தப்பும் இல்லை என்று தெரிந்த ஒரே ஆள் அவன்தான். பத்து மாதத்துக்கு முன்னால் துடியலூரில் தன் ஷெட்டில் இந்தக் காரின் முன்சக்கரக் காலிப்பர்களைக் கழற்றி மாட்டியது அவன். சக்கரத்தோடு சுற்றும் தட்டைக் கவ்விப் பிடித்து வண்டியை நிறுத்துகிற சாமான் அது. இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. பார்க்க ஒரே மாதிரி இருக்கும். பக்கம் மாற்றி மாட்டினாலும் மறுபேச்சில்லாமல் உட்கார்ந்துகொள்ளும். ஆனால் பிரேக் ஆயிலில் சிக்கிய காற்றை வெளியே விடுகிற திருகு, மேலே இருக்க வேண்டியது, கீழே வந்துவிடும். அப்புறம் எத்தனை தடவை காற்றெடுத்தாலும் உள்ளே கொஞ்சம் தங்கிப்போகும்; மிதித்தால் பிரேக் பிடிக்காது.

அவசரத்தில் அவன் மாற்றித்தான் மாட்டினான். அன்றைக்குக் காற்றெடுக்கத் துணைக்கு ஆள் இல்லாததால் அந்தம்மாவே நெற்றியில் தலைவலித் தைலம் மணக்க உட்கார்ந்து பெடலை மிதித்துக் கொடுத்தார். "மெத்து மெத்துன்னு இருக்குதுங்களே தம்பி," என்று கேட்டார். "நாலு கிலோமீட்டர் ஓட்டுனாச் சரியாயிருமுங்க," என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பினான். ஒரு ட்ரயல்கூடப் பார்க்கவில்லை, படுபாவி.

அன்றைக்கே லாரியில் மோதி நசுங்கிய வண்டியை அவன் ஷெட்டில்தான் கொண்டுவந்து போட்டார்கள். விபத்தைப் பற்றிச் சோதிக்க ஆர்.டி.ஓ. ஆபீஸ் ஆள் வருவதற்குள் காலிப்பர்களை அதனதன் பக்கத்தில் மாட்டி வைத்துவிட்டான். ஓட்டியவரின் கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.

இப்போது ஜாக்கி வைத்துத் தூக்கி, முன்சக்கரங்களைக் கழற்றிக் குனிந்து பார்த்தான்.

திருகு கீழே இருந்தது.

"ஏனுங்க, முன்னாடி வந்தவங்க காலிப்பரைக் கழட்டுனாங்களா?"

"இல்லியே. ஆயில் ஊத்திக் காத்தெடுத்தாங்க, அவ்வளவுதான்."

அன்றைக்கு அவன் கையால் சரிபண்ணி வைத்தது மறுபடி பக்கம் மாறியிருந்தது. இரண்டையும் கழற்றி இடதை இடதுக்கும் வலதை வலதுக்கும் மாட்டினான். திருகு மேலே வந்ததை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். உள்ளே போன் அடிக்க, "அக்ஷிதா வந்திருவா, பெடலை அவளை மிதிக்கச் சொல்லு," என்றபடி சென்னகேசவன் எழுந்து போனார்.

திருகில் டியூபைச் சொருகி, மறுமுனையை ஆயில் பாட்டிலில் விட்டு, சாக்கை விரித்துப் படுத்தான். டிரைவர் பக்கக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. சீட் ஸ்பிரிங் லேசாக முனகியது. தலைவலித் தைலத்தின் வாடை வந்தது.

"அக்ஷிதாங்களா? மிதிச்சுப் புடிங்க அம்மணி."

"புடிச்சுட்டேனுங்க."

திருகைத் தளர்த்தினான். பாட்டிலில் குமிழ்கள் வந்தன. இறுக்கினான். மறுபடி மிதிக்கச் சொன்னான். பத்துத் தடவை, இருபது தடவை. இத்தனூண்டு குழாயில் இவ்வளவு காற்று ஏது? சாமி, இன்றைக்கு மட்டும் பெடல் நின்றுவிடட்டும் என்று வேண்டிக்கொண்டே திருகினான்.

"போதுமுங்க, காலை எடுத்துருங்க."

திருகை முழுசாக இறுக்கிவிட்டான். அப்புறமும் குமிழ் வந்தது.

நின்றது. வந்தது. நின்றது. வந்தது.

யாரோ மூச்சு விடுவது போலவே இருந்தது.

மேலே இருந்து மெதுவாகக் குரல் வந்தது. "மெத்து மெத்துன்னு இருக்குதுங்களே தம்பி."

அவன் அலறியடித்துக்கொண்டு வெளியே வந்தான். சீட்டில் ஒருவரும் இல்லை. அந்த நேரம் பார்த்துக் கேட்டுக்குள் ஒரு ஸ்கூட்டர் நுழைந்தது. ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே அக்ஷிதா இறங்கினாள்.

"ஆச்சுங்களாண்ணா? மழை புடிக்கறதுக்குள்ள இன்னைக்கே கெளம்பிர்றேன்." உட்கார்ந்து பெடலை மிதித்துப் பார்த்தாள். "அட, கல்லு மாதிரி நிக்குது!"

அவன் குனிந்து பார்த்தான். இரண்டு பக்கமும் திருகு கீழே இருந்தது.

"இன்னைக்கு வேண்டாமுங்க கண்ணு."

"ஏனுங்கண்ணா?"

அவன் சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்தான். "ட்ரயல் பார்த்துட்டு வாரேன்," என்று சக்கரங்களை மாட்டி, சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பினான். எங்காவது பள்ளத்தில் இறக்கி உடைத்துப்போட்டால் போதும். உண்மையும் வெளியே வராது, அந்தப் பெண்ணும் பிழைத்துக்கொள்வாள். அவன் கணக்கு அவ்வளவுதான்.

அரைக் கிலோமீட்டர் போயிருப்பான். சீட் பெல்ட் அலாரம் கத்தத் தொடங்கியது. பக்கத்து சீட்டில் ஆள் இருப்பதாக விளக்கு எரிந்தது.

சீட் காலியாக இருந்தது.

பெல்ட் தானாக நீண்டு வந்தது. கிளிக்கென்று மாட்டிக்கொண்டது. அலாரம் நின்றது.

அவன் பிரேக்கை மிதித்தான். பெடல் தரைவரைக்கும் போனது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தான், கையோடு வந்தது. எதிரே மெயின் ரோட்டில் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. மிதித்தான், மிதித்தான், உயிர் போகிற மாதிரி மிதித்தான்.

"என் தப்புங்க! நாந்தான் மாத்தி மாட்டிப்போட்டேன்! நீங்க நல்லாத்தான் ஓட்டுனீங்க!"

காதுக்குப் பக்கத்தில் தைல வாடை அடித்தது.

"எங்கிட்ட எதுக்குங்க தம்பி சொல்றீங்க? எனக்குத் தெரியாதா?"

கார் நின்றது. பம்பருக்கு ஒரு முழம் முன்னால் லாரி கடந்து போனது. அவன் கால் பெடலில் இல்லவே இல்லை.

திரும்பி வந்து போர்டிகோவில் காரை நிறுத்தி, அப்பனுக்கும் மகளுக்கும் முன்னால் ஒன்று விடாமல் சொன்னான். சென்னகேசவன் அடிக்கவில்லை. "அப்ப அவ பிரேக் புடிச்சாளா?" என்று மட்டும் கேட்டார்.

"கடைசி வரைக்கும் மிதிச்சிருப்பாங்க."

"பத்து மாசமா போட்டோ முன்னாடி நின்னு அவளைத் திட்டுனேனே," என்று அவர் தலையில் அடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். அவரைப் பார்க்க முடியாமல் கிருபாசங்கர் விக்கி விக்கி அழுதான்.

அக்ஷிதா அழவில்லை. காரின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவனும் பார்த்தான். சாவி அவன் கைக்குள் இருந்தது. கதவுகள் பூட்டியிருந்தன. உள்ளே யாரும் இல்லை. பின்னால் இரண்டு பிரேக் விளக்குகளும் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தன.

அவள் ஜன்னலோரம் குனிந்தாள்.

"அம்மா, நான் போகலம்மா. இந்த வண்டியை எடுக்க மாட்டேன், சத்தியமா. காலை எடுத்துரும்மா."

விளக்கு அணையவில்லை.