மனோஜின் பட்டத்தை யாரும் அறுக்கவில்லை

ஜனவரி பிறந்துவிட்டால் லாலாகுடா ரயில்வே குடியிருப்பில் பிள்ளைகள் யாரும் தரையைப் பார்த்து நடக்க மாட்டார்கள். சங்கராந்திப் பட்டம் விடும் காலம் அது. அண்ணாந்து பார்த்துக்கொண்டே போய் யாராவது ஒருவர் தினமும் சைக்கிளில் முட்டிக்கொள்வார்.

ஐந்தாம் வகுப்பு படிக்கும் ரோகிணிக்குப் பட்டம் விடத் தெரியாது. ஆனால் சர்க்கா பிடிக்கத் தெரியும். சர்க்கா என்றால் நூல் சுற்றிய மர உருளை. பட்டம் விடுபவன் வானத்தைப் பார்ப்பான். சர்க்கா பிடிப்பவள் அவன் கையைப் பார்க்க வேண்டும். அவன் கேட்பதற்கு முன்பே நூலை விட வேண்டும், அல்லது சுற்ற வேண்டும். இதில் ரோகிணி கெட்டிக்காரி.

மேல் வீட்டு மனோஜுக்குத்தான் அவள் எப்போதும் சர்க்கா பிடிப்பாள். போன சங்கராந்தியில், எதிர் மாடி யூசுபின் பட்டங்களை வரிசையாக அறுத்துத் தள்ளியவன் மனோஜ். அந்த ஊரில் ஒரு பட்டம் அறுந்தால் மாடிக்கு மாடி "அஃபா!" என்று கத்துவார்கள். கத்திக் கத்தி ரோகிணிக்கு அன்று தொண்டையே கட்டிக்கொண்டது.

மழைக்காலத்தில் ஒரு விபத்து நடந்தது. மனோஜும் அவன் அப்பாவும் போன ஸ்கூட்டர் மீது ஒரு லாரி மோதியது. இரண்டு பேரும் பிழைத்துக்கொண்டார்கள். ஆனால் மனோஜின் இடது கையை முழங்கைக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது.

அதற்குப் பிறகு மனோஜ் அதிகம் பேசவில்லை. பள்ளிக்கூடம் போனான், வந்தான், ஜன்னல் ஓரம் உட்கார்ந்தான்.

"டேய், இந்த வருஷம் பட்டம்?" என்று ரோகிணி கேட்டாள்.

"நக்கோ" என்றான் மனோஜ். வேண்டாம் என்பதற்கு அந்த ஊர்ப் பேச்சு அது. சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான்.

ரோகிணி மறுபடியும் கேட்கவில்லை.

தெருவில் காய்கறி வண்டி வந்தால், மனோஜின் அம்மா வசந்தி பால்கனியிலிருந்து கயிற்றில் ஒரு பையைக் கட்டி இறக்குவார். காய்க்காரர் பையை நிரப்பியதும் மேலே இழுத்துக்கொள்வார். ஒருநாள் அந்தக் கயிற்றை மனோஜ் கையில் எடுத்தான். வலது கையால் ஓர் இழு. உடனே கயிற்றை இடது முழங்கை மடிப்பில் இடுக்கிக்கொண்டான். மறுபடி வலது கையால் ஓர் இழு.

பாதி வழியில் கயிறு வழுக்கியது. தக்காளி அத்தனையும் தெருவில் சிதறியது.

"அய்யய்யோ!" என்றார் வசந்தி. அன்று அவர்கள் வீட்டில் தக்காளிச் சட்னி.

மறுநாளும் மனோஜே இழுத்தான். மறுநாளும் தக்காளிச் சட்னி. கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்த ரோகிணிக்குச் சட்டென்று புரிந்தது. அவன் காய்கறிப் பையை இழுக்கவில்லை. பட்டத்து நூலை இழுத்துப் பழகுகிறான்!

சில நாளில் தக்காளி விழுவது நின்றது. அன்று சாயங்காலம் மனோஜ் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"சர்க்காவ எங்க வெச்சே?"

"கட்டிலுக்கு அடியில. ஏன்?"

"எடுத்துத் தூசி தட்டி வை."

ரோகிணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கூடவே பயமும் வந்தது. முதல் பட்டமே அறுந்துபோனால் இவன் மறுபடி கதவைச் சாத்திக்கொள்வானே!

அதனால் மனோஜுக்குத் தெரியாமல் அவள் ஒரு காரியம் செய்தாள். பட்டம் விடும் பிள்ளைகள் எல்லோரிடமும் போய், "மனோஜ் பட்டத்த மட்டும் யாரும் அறுக்காதீங்க" என்று கேட்டுக்கொண்டாள்.

"கைக்கு?" என்றான் யூசுப். ஏன் என்று அதற்கு அர்த்தம்.

"பாவம்ல, அவனுக்கு ஒரு கைதானே இருக்கு."

யூசுப் தலையைச் சொறிந்தான். "ஹவ், சரி" என்றான்.

சங்கராந்தி அன்று காலையில் நல்ல காற்று. நூல் கீறாமலிருக்க விரல்களில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு மனோஜ் மாடிக்கு வந்தான். அவனுடைய சிவப்புப் பட்டம் இரண்டு முறை தலைகீழாக விழுந்தது. மூன்றாம் முறை எழும்பியது. ஓர் இழு, முழங்கையில் ஓர் இடுக்கு, மறுபடி ஓர் இழு. பட்டம் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி மேலே போய்விட்டது.

எதிர் மாடியிலிருந்து யூசுபின் கறுப்புப் பட்டம் பறந்து வந்தது. மனோஜ் பல்லைக் கடித்துக்கொண்டு தயாரானான். கறுப்புப் பட்டம் கிட்டே வந்தது, திரும்பிப் போய்விட்டது. ஒரு மஞ்சள் பட்டம் வந்தது. அதுவும் ஒதுங்கிக்கொண்டது. மந்திரி காருக்கு வழிவிடுவதுபோல எல்லாப் பட்டங்களும் வழிவிட்டன.

முதலில் மனோஜுக்கு இது பிடித்திருந்தது. கொஞ்ச நேரத்தில் அவன் முகம் சுருங்கியது.

"யூசுப் எப்பலேர்ந்து பயந்தாங்கொள்ளி ஆனான்?"

அவன் திரும்பி ரோகிணியைப் பார்த்தான். அவன் கையைப் பார்க்க வேண்டிய ரோகிணி எங்கேயோ வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவங்ககிட்ட என்ன சொன்னே?"

ரோகிணி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

மனோஜ் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவளுக்கு இருந்தது.

"அறுக்கவே மாட்டாங்கன்னா அது பட்டமே இல்ல. கொடியில காயப்போட்ட துணி" என்றான். "இதுக்கா நான் அத்தன தக்காளிய நாசம் பண்ணினேன்? நூலச் சுத்து. கீழ போறேன்."

ரோகிணிக்கு முகம் சுட்டது. நல்லது செய்வதாக நினைத்து, அவன் விளையாட்டையே பிடுங்கிவிட்டோம் என்று புரிந்தது. அவள் நூலைச் சுற்றவில்லை. சர்க்காவைத் தூக்கிக்கொண்டு கைப்பிடிச் சுவர் அருகே போய், அடித்தொண்டையிலிருந்து கத்தினாள்.

"யூசுப்! நான் சொன்னது தப்பு! இவன் பட்டத்த அறு!"

எல்லா மாடிகளும் திரும்பிப் பார்த்தன.

"நிஜமாவா?" என்று யூசுப் துள்ளினான். "காலையிலேர்ந்து கை அரிச்சுக்கிட்டே இருக்கு! டேய் மனோஜ், அப்புறம் அழக்கூடாது!"

"யார் அழறாங்கன்னு பார்த்துடலாம், வாடா!" என்றான் மனோஜ். அவன் கீழே போகவில்லை.

கறுப்புப் பட்டம் பாய்ந்து வந்தது. நூலும் நூலும் பின்னிக்கொண்டன. மனோஜ் இழுத்தான், இடுக்கினான், இழுத்தான். ரோகிணி மளமளவென்று சுற்றினாள். டப்பென்று நூல் தளர்ந்தது.

"அஃபா!" என்று எதிர் மாடி அதிர்ந்தது. சிவப்புப் பட்டம் ஆடி ஆடி ரயில்வே ஒர்க்‌ஷாப் கூரைப் பக்கம் போனது.

ரோகிணி பயந்துகொண்டே மனோஜைப் பார்த்தாள். அவன் அவளை முறைத்துக்கொண்டிருந்தான்.

"லூசு! நீ லேட்டாச் சுத்தினே! பழைய மாதிரி என் கையையே பார்த்துட்டிருக்கே. முழங்கையப் பாரு! அது இடுக்கினதும் சுத்தணும்!"

மழைக்காலத்துக்குப் பிறகு அவன் அவளைத் திட்டியது அதுதான் முதல் தடவை. ரோகிணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"சரிடா, அடுத்த பட்டத்த எடு!"

அடுத்ததும் அறுந்தது. அதற்கடுத்தது கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்து, பிறகு அறுந்தது. வெயில் உச்சிக்கு ஏறியபோது, யூசுபின் கறுப்புப் பட்டம் திடீரென்று அறுந்த பல்லிவால்போலத் துள்ளிவிட்டுத் தெருப்பக்கம் சரிந்தது. "அஃபா!" என்று மனோஜ் போட்ட கூச்சலில் வசந்தி பால்கனிக்கே ஓடி வந்துவிட்டார்.

பிறகு வேறொரு மாடியின் பச்சைப் பட்டத்தை மனோஜ் அறுத்தான். பிறகு யூசுபின் புதுப் பட்டமும் போனது.

"ரோகிணி!" என்று எதிர் மாடியிலிருந்து யூசுப் பரிதாபமாகக் கத்தினான். "என் பட்டத்தையும் அறுக்க வேணாம்னு அவன்கிட்டச் சொல்லேன்!"

ரோகிணி அவன் பக்கம் திரும்பக்கூட இல்லை. அவள் கண் மனோஜின் முழங்கைமேல் இருந்தது.

"நக்கோ!" என்று கத்திவிட்டு, நூலைச் சுற்றினாள்.