உள்ளேயிருந்து கூப்பிட ஒரு ஆள்

மூன்றாவது முறை ஓடவிட்டபோதுதான் ரோனாவுக்கு அந்த மூச்சு கேட்டது. போனில் ஓடியது அவளே பேசிப் பதிந்து வைத்தது. நாடகத்தின் முதல் அங்கத்தில் மற்றவர்கள் பேசும் வசனத்தையெல்லாம் தன் குரலிலேயே படித்து, தளபதியின் மனைவி பேசவேண்டிய இடங்களில் மட்டும் வாயை மூடிக்கொண்டு காத்திருந்து, அந்த மௌனத்தையும் சேர்த்துப் பதிந்திருந்தாள். மௌனம் வரும்போது இவள் தன் வசனத்தைச் சொல்லிப் பழகவேண்டும். இப்போது தூதன் பேசி முடித்து மனைவி வாய் திறக்கவேண்டிய இடத்தில், இவளுக்கு முன்னால் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

பதியும்போது தானே விட்ட மூச்சாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். வேறென்ன நினைப்பது? ஸ்காட்லாந்தின் டண்டீயில் டிசம்பர் மாதம். நாலு மணி ஆவதற்குள் சமையலறை ஜன்னலில் கறுப்புத் துணி போட்டதுபோல் இருட்டிவிட்டது. அடுப்பில் மூடிபோட்ட பாத்திரத்தில் கொத்துக்கறியும் வெங்காயமும் முணுமுணுத்துக் கொண்டிருந்தன, மேலே கொடியில் ஈரத்துணியின் வாடை, ஆற்றுப் பக்கமிருந்து ஏறிவரும் பனிமூட்டத்துக்குள் எங்கேயோ ஒரு கடற்பறவை குழந்தைபோல் கத்தியது. ரோனா குடியிருந்த வீட்டின் சொந்தக்காரி எஃபி தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். வீட்டில் ரோனாவைத் தவிர யாரும் இல்லை.

இன்றைக்குப் போய் பயந்துகொண்டிருக்க அவளுக்கு நேரமும் இல்லை. தளபதியின் மனைவியாக நடிக்கவேண்டிய மோரா ஒத்திகையில் படியிலிருந்து உருண்டு கணுக்காலை முறித்துக்கொண்டாள். இயக்குநர் லாக்லன் சாயங்காலம் இங்கேயே வந்து முதல் அங்கத்தைக் கேட்பதாகச் சொல்லியிருந்தார். ஒப்பித்துவிட்டால் வேஷம் ரோனாவுக்கு. தடுமாறினால் எடின்பரோவிலிருந்து வேறொருத்தி வருவாள், ரோனா பழையபடி தட்டு ஏந்திக்கொண்டு அரசனுக்குப் பின்னால் நிற்கவேண்டியதுதான். அப்படி நிற்பது அவளுக்கு வெறுத்துப்போயிருந்தது. மோரா விழுந்த சத்தம் கேட்டபோது நெஞ்சுக்குள் துள்ளிய சின்ன சந்தோஷத்தை அவள் இன்னும் மறக்கவில்லை.

எஃபி கிளம்பும்போதே ஒரு ரகளை நடந்தது. முப்பது வருஷம் நாடகக் கம்பெனிகளுக்கு உடை தைத்தவள் அவள். ரோனா போனை ஓடவிட்டதும் முதலில் கேட்டது நாடகத்தின் பெயர், சொன்னால் கெடுதல் வரும் என்று நாடகக்காரர்கள் வாயால் சொல்லாத பெயர். பெட்டிமேல் பேர் ஒட்டுவதுபோல, ஒன்றும் யோசிக்காமல் அதையும் பதிந்துவிட்டிருந்தாள்.

கோட்டில் ஒரு கையை மட்டும் நுழைத்தபடி எஃபி அப்படியே நின்றுவிட்டாள். "என் வீட்டுல அந்தப் பேரையா சொன்ன?"

"நான் சொல்லலை எஃபி, போன்தான் சொல்லிச்சு."

"வாய் உன்னுதுதானே? எந்திரி. கெடுதல் போக, வெளிய போய் மூணு சுத்து சுத்து, துப்பு, கதவைத் தட்டு, உள்ள வரலாமான்னு கேளு. நான் கூப்பிட்டப்புறம் வா."

"இந்தக் குளிர்லயா? உங்க பஸ் போயிரும். கிளம்புங்க, அப்புறம் நானே பண்ணிக்கறேன்."

"தனியா பண்ணாத கண்ணு." எஃபியின் குரலில் கிண்டல் துளியும் இல்லை. "உள்ளேயிருந்து கூப்பிட ஆள் வேணும். ஆள் இல்லாத வீட்டைத் தட்டக்கூடாது."

ரோனா சிரித்துக்கொண்டே அவளை வாசல் வரை தள்ளிக்கொண்டுபோய் வழியனுப்பினாள். அதன்பின் மூன்று முறை ஓடவிட்டாயிற்று. மூன்று முறையும் போன் முதலில் அந்தப் பெயரைச் சொல்லியிருந்தது.

நாலாவது முறை. பெயர். தூதன். மௌனம்.

ரோனா வேண்டுமென்றே பேசாமல் இருந்தாள். மூச்சு வந்தது. பிறகு வசனம் வந்தது.

அவள் குரல். அவளேதான். ஆனால் அவள் எப்போதும் விழுங்கிவிடும் அந்தக் கடைசிச் சொல்லை அது விழுங்கவில்லை. இருட்டின் சக்திகளை வீட்டுக்குள் வரச்சொல்லி அந்த மனைவி அழைக்கும் இடம் அது. ரோனா எத்தனையோ தடவை கத்திப் பார்த்தும் வராதது, இங்கே சின்னக் குரலில், பக்கத்து அறையில் இருப்பவரைக் கூப்பிடுவதுபோல் வந்தது. எவ்வளவு நன்றாக இருக்கிறது என்றுதான் முதலில் தோன்றியது. அதற்கப்புறம்தான் அது தன் வாயிலிருந்து வரவில்லை என்பது உறைத்தது.

போனை அணைத்தாள். அடுப்பையும் அணைத்தாள். பாத்திரத்தின் முணுமுணுப்பு அடங்கிய பிறகும் யாரோ முணுமுணுப்பதுபோல் இருந்தது.

எஃபி சொன்னதில் பாதிதான் அந்த நேரத்தில் மூளையில் நின்றது. பச்சைக் கம்பளிச் சட்டையை நாற்காலியிலேயே விட்டுவிட்டுப் பின்கதவைத் திறந்துகொண்டு முற்றத்துக்கு ஓடினாள். ஆளுயரத்துக்கு மேல் கல்சுவர், சந்துக் கதவில் பூட்டு, பனியில் சொட்டும் துணிக்கம்பி. மூன்று சுற்று சுற்றினாள். துப்பினாள். திரும்பியபோது கதவு சாத்தியிருந்தது.

காற்று இல்லை.

தட்டினாள். தனக்கே அசட்டுத்தனமாக இருந்தது. "உள்ள வரலாமா?"

மூச்சு ஒன்று உள்ளே இழுபட்டது. கதவுக்கு அந்தப் பக்கம். மிகப் பக்கத்தில்.

"கொஞ்சம் இரு," என்றது அவள் குரல்.

தாழ்ப்பாள் விழுந்தது.

ரோனா கைப்பிடியை ஆட்டினாள், தோளால் இடித்தாள். அப்போது வீட்டுக்குள் வாசல் மணி அடித்தது. லாக்லன்! அவள் சமையலறை ஜன்னலுக்கு ஓடினாள். பழைய வீட்டு மெல்லிய கண்ணாடி. உள்ளே பேசுவதெல்லாம் கேட்டது.

லாக்லன் தொப்பியை உதறிக்கொண்டு உள்ளே வந்தார். அவருக்கு முன்னால் பச்சைக் கம்பளிச் சட்டை போட்ட ஒருத்தி, முதுகைக் காட்டியபடி நடந்து வந்தாள்.

"என்ன ரோனா, ராத்திரி பூரா படிச்சியா? இல்ல வழக்கம்போல சாக்கு சொல்லப்போறியா?"

"உக்காருங்க. கேட்டுட்டுச் சொல்லுங்க."

ரோனா கண்ணாடியை இரண்டு கையாலும் அறைந்தாள். லாக்லன் நிமிர்ந்து பார்த்தார். விளக்கு வெளிச்சத்தில் அந்தக் கண்ணாடியில் அவருக்குத் தெரிந்தது அவர் முகம் மட்டும்தான். தலைமுடியைக் கோதிவிட்டுக் கொண்டார்.

உள்ளே இருந்தவள் ஆரம்பித்தாள். இருட்டைக் கூப்பிடும் அந்த இடம். லாக்லனின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. ரோனா கத்த வாயைத் திறந்தாள்.

சத்தம் வரவில்லை.

மறுபடி. தொண்டை கிழியக் கத்தினாள். ஒன்றுமில்லை. குளிர் மட்டும் வாய்க்குள் போனது. உள்ளே வசனம் முடிந்தது, மௌனம் விழுந்தது, அந்தக் கணத்தில் ரோனாவின் தொண்டை தானாகத் திறந்துகொண்டது. அவள் உதவி கேட்டாள். வந்தது உதவி கேட்கும் சொல் இல்லை. இன்றிரவு அரசன் நம் வீட்டுக்கு வருகிறான் என்று மனைவியிடம் சொல்லும் தளபதியின் வசனம், சரியான இடத்தில், சரியான ஏற்ற இறக்கத்தோடு வந்து முடிந்தது.

உள்ளே மனைவி பதில் சொன்னாள். அவள் பேசும்வரை வெளியே ரோனாவுக்குக் குரல் இல்லை; அவள் நிறுத்தினால் மற்றவர்களின் வசனம் மட்டும் வந்தது, போனில் பதிந்ததுபோலவே. மௌனம். குரல். தளபதி. மௌனம். மனைவி.

அங்கம் முடிந்தது. லாக்லன் எழுந்து நின்றார். கண் கலங்கியிருந்தது.

"இத்தனை வருஷமா இவளை எங்கடி ஒளிச்சு வச்சிருந்த? வேஷம் உனக்குத்தான்." பிறகு காதைத் தேய்த்துக்கொண்டார். "ஆமா, தளபதி வசனம் குடுத்தது யாரு? வெளியேர்ந்து வந்த மாதிரி இருந்துச்சே."

"போன்தான். என் குரல்லயே பதிஞ்சு வச்சிருக்கேன்," என்றாள் உள்ளே இருந்தவள். "இனிமே அது வேணாம்."

அவள் முதல்தடவையாக ஜன்னல் பக்கம் திரும்பினாள். ரோனாவின் முகம். ரோனாவைத்தான் பார்த்தது. பார்த்துக்கொண்டே மேஜைமேல் கையை ஓடவிட்டுப் போனை எடுத்தாள்.

ரோனா கத்தினாள். அவளுடைய முறை வரவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பதிவை அழிக்கும் பொத்தானை நோக்கிக் கட்டைவிரல் மெல்லக் கீழே இறங்கியது.