காவ் வைத்தியரின் இடது சிறுநீரகம்

"ஐயோ! இவளா? இவ கையில கத்தியைக் குடுத்தா நான் திரும்பி வரமாட்டேன்!"

தைவானின் தைனான் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில், ஆபரேஷன் தியேட்டர் வாசலில், ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி அலறினார் காவ். ஊரறிந்த மூலிகை வைத்தியர்.

ஸ்ட்ரெச்சரைத் தள்ளிவந்த நர்ஸ் யாஹுய் அப்படியே நின்றாள். கிழவரின் பயத்தில் நியாயம் இருந்தது.

ஆபரேஷன் செய்யப்போகும் டாக்டர் பெய்லினின் தங்கை, இந்த ஆள் விற்ற 'உடம்பு இளைக்கும் பொடி'யைத் தின்றவள். சிறுநீர்க் குழாயில் புற்றுநோய் வந்து, ஆறு வருஷத்துக்கு முன்பு, முப்பத்தொரு வயதில் போய்ச் சேர்ந்தாள். பொடியில் தடை செய்த மூலிகை இருக்கிறது என்று புகார் போனது. நிரூபிக்க ஒரு சிட்டிகைப் பொடிகூட மிஞ்சவில்லை. வழக்கு படுத்துவிட்டது!

இப்போது காவுக்கும் அதே நோய்...

பெய்லின் முகமூடியை இறக்கினாள்.

"பயமா இருந்தா வேற டாக்டர்கிட்ட போங்க வைத்தியரே."

"போனா?"

"தள்ளிப் போடப் போட பிழைக்கிற வாய்ப்பு குறையும். இப்போ கட்டி குழாய்ச் சுவரைத் தாண்டல. நெறி கட்டல. தாண்டிட்டா யாராலயும் முடியாது."

"நீ... என்னைக் கொன்னுட மாட்டியே?"

"ஆறு வருஷமா அந்த ஆசைதான்!"

காவ் ஸ்ட்ரெச்சரை விட்டு இறங்கப் பார்த்தார். ஆனாலும் உயிராசை! நீட்டிய தாள்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டார்.

நான்கு மணி நேரம்... பெய்லினின் விரல்களை விட்டு யாஹுய் கண்ணை எடுக்கவில்லை. இடது சிறுநீரகம், குழாய், அது சிறுநீர்ப்பையில் சேரும் இடம்... துளி மிச்சம் வைக்காமல் எடுத்தாள்.

"கை கொஞ்சம் வழுக்கியிருந்தா யாருக்குத் தெரியும் டாக்டர்? ஏன் விட்டீங்க?"

"செத்தவன் கூண்டுல ஏற மாட்டான்டி."

பதினைந்து நாள் கழித்து, காவ் கட்டிலில் உட்கார்ந்து மீன் கஞ்சியை உறிஞ்சிக்கொண்டிருந்தார். பெய்லின் வந்தாள். பின்னால் இரண்டு போலீஸ்காரர்கள்!

"உங்க கட்டியை லேப்ல பார்த்தாச்சு வைத்தியரே. அந்த மூலிகை மட்டுமே மரபணுவுல விட்டுட்டுப் போற தழும்பு அப்படியே இருக்கு."

"யாரைக் கேட்டு பார்த்தே?"

"உங்களைத்தான். மூணாவது தாள்ல கையெழுத்து போட்டீங்களே!"

"நான்... வேற எங்கயாவது தின்னிருப்பேன்!"

"என் தங்கச்சி வழக்குல குடுத்த வாக்குமூலத்துல என்ன சொன்னீங்க? 'இருபது வருஷமா என் பொடியைத்தான் நானும் திங்கறேன், வேற மருந்தே தொட்டதில்ல'ன்னு!"

கஞ்சி போர்வையில் கொட்டியது. யாஹுய்க்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

காவ் போலீஸ்காரர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். "இன்னும்... எத்தனை வருஷம் இருப்பேன் டாக்டர்?"

"கவலையே படாதீங்க... தண்டனையை ஒரு நாள் விடாம அனுபவிக்கிற மாதிரி, நல்லாவே வெட்டி எடுத்திருக்கேன்!"