மேல் நான்கு பைட்

போர்டில் பச்சை விளக்கு எரிவதற்கு முன்பே தறி அரை அங்குலம் நகர்ந்தது.

நகரியில் பிரேமலதாவின் விசைத்தறிக் கூடம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் மற்ற தறிகள் நின்றிருந்தன. தகரக் கூரையின் ஓட்டைகள் வழியே மாலை வெளிச்சம் ஒழுக, கஞ்சி வாடையும் எண்ணெய் வாடையும் கலந்த புழுக்கத்தில் பஞ்சுத் தூசி கீழே இறங்காமல் மிதந்துகொண்டிருந்தது. தறியை ஓட்டும் புதிய போர்டைச் செய்து கொடுத்த திருப்பதி கம்பெனியிலிருந்து வந்திருந்த யஸ்வந்த், மடியில் லேப்டாப்போடு, யாரும் கவனித்தார்களா என்று திரும்பிப் பார்த்தான்.

நெசவாளி ஆதிகேசவன் கவனித்திருந்தார்.

"பாத்தியா நைனா? நானு தொடவே இல்ல. அதுவா நவுந்துக்கினு வருது."

"நேத்து ஊத்திக்கினது இன்னும் எறங்கல போலக்கீது," என்று பிரேமலதா சிரித்தாள். "நீ சொல்லு யஸ்வந்த், கோளாறு மிஷின்லயா, இவரு கையிலயா? கையிலன்னா நாளைக்கே வேற ஆளு வெச்சிடுவேன்."

கோளாறு திரையில் தெளிவாக இருந்தது. மின்சாரம் வந்ததும், தறி எந்த நிலையில் நிற்கிறது என்ற எண்ணைத் தொடக்க நிரல் நினைவகத்தில் எழுதிவைக்கும். அதைப் படித்துத்தான் தறியை நடத்தும் மைய நிரலான கெர்னல் விழித்தெழும். பழைய போர்டில் அந்த எண் நான்கு பைட். புதிய போர்டின் கெர்னல் எட்டு பைட்டாகப் படிக்கிறது. யஸ்வந்த் பழைய நிரலை அப்படியே நகலெடுத்துப் போட்டுவிட்டு, சோதித்தாயிற்று என்று சொல்லியிருந்தான். எழுதப்படாத மேல் நான்கு பைட்டில் கிடக்கும் குப்பையையும் கெர்னல் நம்பியது. தறி வேறெங்கோ நிற்பதாக நினைத்து மோட்டாரைத் தள்ளியது.

காது மடல்கள் சுட்டன.

"மிஷின் சரியாத்தான் கீதுக்கா," என்றான்.

ஆதிகேசவன் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். அதைப் பார்க்க முடியாமல் யஸ்வந்த் குனிந்து, மேல் நான்கையும் பூஜ்யமாக்கும் வரியை ரகசியமாக எழுதி ஏற்றினான். இனி யாருக்கும் தெரியவேண்டாம்.

"நவுந்தப்போ அறுந்த நூலை முடிச்சுப் போடுங்கண்ணே," என்றான்.

ஆதிகேசவன் பாவு நூல்களுக்கிடையே கையை விட்டார். திரையில் மேல் நான்கு பைட் நிரம்பியது.

வியர்வையைத் துடைக்கக் கையை எடுத்தார். பூஜ்யம்.

மறுபடி விட்டார். நிரம்பியது.

எந்த நிரலும் அங்கே எழுதவில்லை. எழுதும் நிரலே இப்போது ஓடவில்லை.

கையை எடுங்க என்று சொல்ல வேண்டும். சொன்னால் ஏன் என்று பிரேமலதா கேட்பாள். அவள் பார்க்காதபடி தன் முதுகுப் பக்கம் கையை நீட்டி, தறியின் பிளக்கைப் பிடுங்கினான்.

பச்சை விளக்கு அணைந்தது.

தறி ஓடியது.

ஒரே சுற்று. குறுக்கு நூலோடு நாடா போனது. வந்தது.

அலறல் இல்லை. ரத்தம் இல்லை. ஆதிகேசவன் தன் சட்டைக் கையின் முனையை வெறித்தபடி நின்றார். அதற்கப்பால் ஒன்றும் இல்லை. பிரேமலதாவின் வாய் திறந்தபடி நின்றது.

உருளையில் வெள்ளைத் துணி நிதானமாகச் சுருண்டுவந்தது. அதில், நூலோடு நூலாக, ரேகைகளோடு ஓர் உள்ளங்கை.

யஸ்வந்த் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அதன் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின.