தன்னொளி, பின்னொளி

விடியும் நேரத்தில் ஒளிச்சுவர் மெல்ல வெளுத்தது. ஜெசிந்தா எழுந்ததும் அதன் இடது மூலையில் செத்துக்கிடந்த கறுப்புப் பட்டையைத்தான் பார்த்தாள். நேற்றைவிட அகலமாகியிருந்தது. மீதிப் பரப்பில் தூத்துக்குடிக் கடல் மினுங்கியது. நிஜக் கடல் இரண்டு தெரு தள்ளித்தான். ஆனால் வெயில் ஆளைக் கொல்லத் தொடங்கியபின் ஜன்னல்களையெல்லாம் அடைத்துவிட்டார்கள். மகள் நிர்மலி பிறந்ததே அதற்குப் பிறகுதான்.

உள்ளறையில் கணவன் பெர்க்மான்ஸின் ஆக்சிஜன் மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. துறைமுகத்தில் வெளிவேலை பார்த்தவன். வெக்கை அவன் நுரையீரலைத் தின்றுவிட்டது.

சுவர் எரியும் வீட்டுக்குத்தான் குளிர்காற்று வரும். அணைந்தால் உள்ளே ஆளில்லை என்று கட்டடம் முடிவுசெய்து காற்றுக்குழாயை மூடிவிடும். ஆகவே கறுப்புப் பட்டை சுவரை முழுக்க விழுங்குவதற்குள் புதிது வாங்கியாக வேண்டும். ஒரு மணி நேரமே தாங்கும் சிறிய சிலிண்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு பெர்க்மான்ஸும் அவளோடும் மகளோடும் கிளம்பினான்.

கீழ்த்தளக் கடையில் ஆல்வின் என்ற விற்பனையாளர், வீட்டிலிருக்கும் வகை இப்போது வருவதில்லை என்று சொல்லி, இரண்டு சுவர்களைக் காட்டினார்.

"இது தன்னொளி. பழைய ஓஎல்இடி வம்சம். ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், தானே அணையும். கறுப்புன்னா அசல் கறுப்பு. கரண்டும் பாதிதான். அது பின்னொளி, எல்சிடி வம்சம். பின்னால விளக்கு எரிஞ்சுக்கிட்டே இருக்கும். கறுப்பு சாம்பலாத் தெரியும், கரண்டு ஜாஸ்தி. எதை எடுத்தாலும் பத்து வருசத்துக்கு மாத்த முடியாதுண்ணே."

"அப்ப தன்னொளிதான்" என்றாள் ஜெசிந்தா. வீட்டுக்கு ஒதுக்கிய மின்பங்கில் பெரும்பகுதியை மெஷினே குடித்துவிடும். பங்கு மீறினால் வீடு முழுக்கக் கரண்டு போய்விடும்.

கறுப்பைக் காட்டுவதற்காக ஆல்வின் தன்னொளியை மங்கவைத்தார். நட்சத்திரங்கள் வந்தன. நிர்மலி மூக்கு உரசும் அளவுக்கு நெருங்கி நின்றாள். முதலில் அவள் விரல்கள் துடித்தன. பிறகு கண்கள் மேலே செருகின. ஜெசிந்தா ஓடிப்போய்த் தாங்குவதற்குள் தரையில் விழுந்தாள்; கைகால்கள் வெட்டி வெட்டி இழுத்தன.

இழுப்பு நின்று மகள் மடியில் கிடந்தபோது ஆல்வின் தயங்கித் தயங்கிக் கேட்டார். "பாப்பாவுக்கு ஃபிட்ஸ் உண்டாக்கா?"

"சின்னதுல வந்தது. அப்புறம் வரவே இல்ல."

"அப்ப சொல்லியாகணும். மங்கும்போது இது அணைஞ்சு அணைஞ்சுதான் எரியும். கண்ணுக்குத் தெரியாது. சிலர் மூளைக்குத் தெரியும்."

"மங்காம வைக்க முடியாதா?"

"சாயங்காலமானா தானா மங்கிரும். அது கட்டடத்தோட கையில இருக்கு."

"அந்தப் பின்னொளி?"

"அது சிமிட்டாது. ஆனா…" ஆல்வின் பெர்க்மான்ஸின் மூக்கிலிருந்த குழாயைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"மின்பங்கைக் கூட்டித் தரச்சொல்லி மனு போட்டா?"

"நெறைய பேரு போட்டாங்க. ஒருத்தருக்கும் கூடலக்கா."

வீட்டுக்குப் போய் யோசிக்கலாம் என்று சொல்லிவிட்டு ஜெசிந்தா மகளை முகம் கழுவ அழைத்துப்போனாள். திரும்பி வந்தபோது பெர்க்மான்ஸ் கட்டைவிரல் ரேகை வைத்து வாங்கி முடித்திருந்தான்.

"எத எடுத்தீங்க?"

"பின்னொளி."

"உங்க மெஷினு? ரெண்டும் சேந்து ஓடுனா பங்கு மீறிருமே?"

"ராத்திரி சுவரு மங்குனப்புறம் ஓடும்லா. பகல்ல சமாளிச்சுக்கிடுவேன்."

"எப்படிச் சமாளிப்பீங்க? மூச்ச அடக்கிக்கிட்டு உக்காந்திருப்பீங்களா?"

"பிள்ள முன்னால சத்தம் போடாத ஜெசி."

புதுச்சுவர் வந்தது. மகளிடம் மெஷின் ரிப்பேர் என்று சொல்லிவைத்தார்கள். பகல் முழுவதும் நிர்மலி சுவர் முன் உட்கார்ந்து பாடம் கேட்டாள். அந்த நேரமெல்லாம் பெர்க்மான்ஸ் உள்ளறையில் தலையணைகளில் சாய்ந்து, வாயால் காற்றை இழுத்துக்கொண்டிருந்தான். ஜெசிந்தா அடுப்படிக்கும் உள்ளறைக்குமாக நடந்தாள். ஒவ்வொரு முறையும் அவன் உதட்டின் நிறத்தைத்தான் முதலில் பார்த்தாள்.

ஒரு மத்தியானம் தண்ணீர் குடிக்க எழுந்துவந்தவன் நிலைக்கதவைப் பிடித்தபடியே சரிந்து உட்கார்ந்துவிட்டான். உதடு நீலம் பாரித்திருந்தது. பாடத்திலிருந்து திரும்பிய நிர்மலி அப்பாவைப் பார்த்தாள். அவனுக்குப் பின்னால் மெஷினைப் பார்த்தாள். ப்ளக் தரையில் கிடந்தது.

"ரிப்பேர்னு சொன்னீங்கல்லா?"

ஜெசிந்தா ஓடிவந்து அவனைத் தாங்கிப் பிடித்தாள்.

"இந்தச் சுவராலயாம்மா?" பிறகு குரல் இறங்கியது. "என்னாலயா?"

ஜெசிந்தா வாய் திறப்பதற்குள் அவள் எழுந்துபோய் சுவரை அணைத்தாள். டீச்சரின் குரல் பாதிச் சொல்லில் அறுந்தது. வீடு இருண்டது. தலைக்கு மேலே எங்கோ காற்றுக்குழாய் தட்டென்று மூடிக்கொண்டது.

"ஏட்டி… போடு அத" என்று மூச்சிரைத்தான் பெர்க்மான்ஸ்.

"மாட்டேன். அம்மா, நீ ப்ளக்கச் சொருகு."

ஜெசிந்தா தரையைத் தடவித் தடவிச் சொருகினாள். மெஷின் உறுமத் தொடங்கியது. அவன் முகத்தைத் தேடிக் குழாயை மாட்டினாள். அடைத்த ஜன்னல் பக்கமிருந்து வெக்கை அதற்குள் அறைக்கு வந்துவிட்டது. அவள் பிடித்திருந்த நிர்மலியின் உள்ளங்கை வியர்வையில் வழுக்கியது. பெர்க்மான்ஸின் மூச்சிரைப்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சீரானது.

"சுவரப் போட்டிரட்டுமா?" என்றாள் ஜெசிந்தா.

"இன்னும் கொஞ்ச நேரம்மா. அப்பாக்கு இப்பதான் சரியாகுது."

"சரி. இன்னும் கொஞ்சம்."

இருட்டில் மூன்று பேரின் மூச்சும் கேட்டது. எது முதலில் தடுமாறும் என்று காதைத் தீட்டிக்கொண்டு, சுவரின் சுவிட்சில் விரலை வைத்தபடி ஜெசிந்தா நின்றாள்.